அடுத்தவள் சொன்ன பெயர்

உறையூரில் தறி ஓடும் வீடொன்றின் மருமகள் நகரசபைத் தேர்தலில் நிற்பாள் என்று, 1959ஆம் ஆண்டுக்கு முன் எங்கள் வார்டில் எவரும் எண்ணியதில்லை. அமிர்தம் நின்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வார்டிலேயே பெண்களுக்கு ஆறாம் வகுப்பு. வார்டிலிருந்த நகரசபைப் பெண்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு மலைக்கோட்டைப் பக்கம் பஸ் ஏறிப் போக வேண்டும். அவ்வளவு தொலைவுக்குப் பெண்ணை அனுப்பும் வீடு எங்கள் தெருக்களில் இல்லை. அமிர்தத்தின் மூத்த மகள் தனபாக்கியம் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறி, வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கணவர் பெரியண்ணன் தடுக்கவில்லை. நிபந்தனை ஒன்றை மட்டும் விதித்தார்.

"நில்லு. ஜெயிச்சா பொண்ணு படிக்கட்டும். தோத்துட்டா, தையில எங்க அக்கா மகனுக்குப் பேசி முடிச்சிடுவேன். அப்புறம் நீ குறுக்க பேசக் கூடாது."

அமிர்தம் ஒப்புக்கொண்டார்.

எதிர்த்து நின்றவர் அரிசி வியாபாரி சின்னையா. இரண்டு முறை வென்றவர். வாக்குப்பதிவு அந்தப் பெண்கள் பள்ளியிலேயே நடந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து வந்த பிலோமின்ராஜ் தலைமை அலுவலர். வாக்காளர் பட்டியலை வைத்துப் பெயர் சரிபார்க்கும் பணி எனக்கு அளிக்கப்பட்டிருந்தது.

முன்பெல்லாம் பெண்கள் கணவரோடு வருவார்கள். கணவரே பெயர் சொல்லிவிடுவார். அன்று அடுப்படி வேலையை முடித்துவிட்டு, ஆண்களுக்கு முன்பாகவே கூட்டமாக வந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் காளியாயி. ஒரே தெருவில் மூன்று காளியாயிகள் பட்டியலில் இருந்தனர்.

சின்னையாவின் ஏஜென்ட் வீரமலை எழுந்தார். "இதுல எந்தக் காளியாயி? புருஷன் பேரைச் சொல்லச் சொல்லுங்க சார்."

முறையான ஆட்சேபம்தான். நான் கேட்டேன். காளியாயி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு பேரை நான் எப்படிங்க சொல்லுவேன்? எங்க வீட்டுக்காரருதாங்க."

"எல்லாருக்கும் வீட்டுக்காரர் உண்டும்மா. பேர் வேணும்," என்றேன்.

"சொன்னா அவரு ஆயுசு குறைஞ்சிடுங்க சார்."

பெயர் ஒத்துப்போகாமல் வாக்குச்சீட்டுக் கொடுக்க இயலாது என்றார் பிலோமின்ராஜ். காளியாயி திரும்பிப் போனார். வீரமலைக்கு வழி தெரிந்துவிட்டது. பட்டியலில் வேறு எவருக்கும் இல்லாத பெயர் உள்ளவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்க வைத்தார். நண்பகலுக்குள் இருபத்து மூன்று பெண்கள் வாக்களிக்காமல் திரும்பினார்கள். கணவர்களை அழைத்து வரலாம் என்றால், பாதிப் பேர் வேலையிலிருந்து திரும்பவே ஆறு மணியாகும். வாக்குப்பதிவோ ஐந்து மணிக்கு முடிந்துவிடும்.

செய்தி அறிந்த அமிர்தம் உள்ளே வந்தார். "இவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும் சார். நான் சொல்றேன் பேரை."

"நல்லாருக்கே!" என்றார் வீரமலை. "வேட்பாளரே சாட்சியா? அப்படியே ஓட்டையும் நீங்களே போட்டுடுங்க."

பிலோமின்ராஜ் மறுத்துவிட்டார். அமிர்தம் வெளியே போய்ப் பெண்களோடு நின்றுகொண்டார்.

மூன்று மணிக்குத் தம் வாக்கைப் பதிவு செய்ய அவரே வரிசையில் வந்தார். வீரமலை காத்திருந்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வேட்பாளர் அம்மாவும் சொல்லட்டும்."

சன்னல்களில் பெண்களின் முகங்கள் நிறைந்துவிட்டன. வெளியே வேப்பமரத்தடியில் பெரியண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவரை அழைத்தால் அமிர்தத்தின் வாக்கு மட்டும்தான் தப்பும். தம் வாயால் சொன்னால், கணவனை மதிக்காதவள் என்று அந்தப் பெண்களே அமிர்தத்தைக் கைவிடுவார்கள். சொல்லாவிட்டால், தம் வாக்கையே இழந்து வெளியேற வேண்டும். அதன்பின் வேறு யார் உள்ளே வரப்போகிறார்கள்?

அமிர்தம் பின்னால் திரும்பினார். அங்கே அடுத்த வீட்டு மயிலம்மாள் நின்றிருந்தார்.

"மயிலக்கா, எங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

"பெரியண்ணன்! எனக்குத் தம்பி முறை, நான் சொல்லலாம். பெரியண்ணன், பெரியண்ணன். போதுமா, இன்னொரு வாட்டி சொல்லட்டுமா?"

சன்னல் பக்கம் சிரிப்பு எழுந்தது. அமிர்தம் பிலோமின்ராஜிடம் சொன்னார்: "நான் வேட்பாளர், சொல்லக் கூடாது, சரிங்க. இவங்க வாக்காளர்தானே? முன்னால நிக்கிறவளுக்குப் பின்னால நிக்கிறவ சொல்லட்டும். அடுத்தவ புருஷன் பேரைச் சொல்ல எங்க யாருக்கும் தடை இல்லீங்க."

"இது என்ன வாக்குச்சாவடியா, கும்மியா?" என்று கத்தினார் வீரமலை.

பிலோமின்ராஜ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாக்காளரை அறிந்த இன்னொரு வாக்காளர் அடையாளம் சொல்லலாம். சீட்டைக் கொடுங்கள்," என்றார்.

அதன்பின் வரிசை ஓடியது. திரும்பிப் போனவர்களில் பதினாறு பேர் மீண்டும் வந்தார்கள். காளியாயி வரவில்லை. ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் கடைசியாக நின்றவர் இருதயமேரி. அவருக்குப் பின்னால் எவரும் இல்லை. முன்னால் நின்றவர் வாக்களித்துவிட்டு வெளியேறியிருந்தார். வீரமலை கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

இருதயமேரி அவரையே சுட்டிக்காட்டினார். "அந்த அண்ணனைக் கேளுங்க சார். தினமும் எங்க வீட்டுக்காரரோட சீட்டு ஆடுறவரு."

"தெரியுமா?" என்றார் பிலோமின்ராஜ்.

வீரமலை கட்டிய கையை அவிழ்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "கிளமென்ட்," என்றார்.

மறுநாள் வாக்குகளை இருமுறை எண்ணினார்கள். அமிர்தம் நான்கு வாக்குகளில் வென்றார். கல்விக் குழுவில் இடம் கேட்டுப் பெற்றார். வரும் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு தொடங்குவதென்று மார்கழிக்குள் தீர்மானம் நிறைவேறியது.

தை பிறந்ததும் பெரியண்ணனின் அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

"ஆறாவதுதானேடா? ஒரு வருஷம் படிச்சிட்டு வரட்டும். இப்பவே பேசி வச்சுக்குவோம்."

"வருஷத்துக்கு ஒரு வகுப்பா எட்டு வரைக்கும் போடப் போறாங்களாம் அக்கா," என்றார் பெரியண்ணன். "எனக்கு என்ன தெரியும்? கவுன்சிலர் உள்ளதான் இருக்கா. அவளையே கேட்டுக்க."