நகத்து நீலம்

யுத்தம் முடிந்து சாயம் மறுபடி கிடைக்கத் தொடங்கியிருந்தது. அருப்புக்கோட்டையில் நூலுக்கு நீலம் தோய்ப்பது என் தொழில். ஒருநாள் சாயத்தொட்டியின் அருகே வழுக்கி விழுந்ததில் வலது முன்கை எலும்பு முறிந்தது. திருச்சுழிப் பக்கத்திலிருந்து எலும்பு வைத்தியர் வந்து, கையை இழுத்து எலும்பைச் சேர்த்தார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்.

“நகத்தப் பாத்துக்கிட்டே இருங்க. நீலம் பாஞ்சா ஒடனே கட்ட அவுத்துரணும். இல்லேன்னா கை அழுகிப்போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் என் நகங்களைப் பார்த்தேன். பத்தும் நீலமாக இருந்தன. சாயக்காரன் நகம் வேறு எப்படி இருக்கும்? அந்த மனிதருக்கு இதுகூடவா தெரியவில்லை என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலையில் வலி அடியோடு நின்றிருந்தது. குணமாகிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். முறிந்த கை ஒரே இரவில் குணமாகுமா என்று எனக்குச் சந்தேகம்; வைத்தியர் சொன்ன நீலம் நினைவுக்கு வந்தது. மனைவியைக் கூப்பிட்டு, செங்கல் தூளால் இரண்டு கை நகங்களையும் தேய்க்கச் சொன்னேன். இடது கை நகங்கள் மெல்ல வெளுத்து, உள்ளே சிவப்புத் தெரிந்தது. வலது கையில் சாயம் போன பிறகும் நீலம் போகவில்லை.

அவள் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக் கட்டுத்துணியை வெட்டினாள். விரல்களை மடக்கச் சொன்னாள்.

மடக்கினேன்.

அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏன் மடக்கவில்லை என்று கேட்டாள்.