உறைப்புச் சம்பல்

வெள்ள நிவாரணத்துக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறோம். "அன்ரி, சம்பல் வைக்கேல்லையோ?" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் பெண். வாட்டிய வாழையிலை மணத்தில் நான் கொழும்பில் இருந்த பழைய வெள்ளவத்தை நாட்களுக்குப் போய்விடுகிறேன்.

யுத்த காலம். சுற்றிவளைப்பில் பிடிபட்ட பெடியன்களுக்கு எங்கள் ஒழுங்கைப் பெண்கள் சமைப்பார்கள். அம்மா பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். "வாய்க்கு ருசியா எண்டாலும் சாப்பிடட்டும்" என்று செத்தல் மிளகாய்ச் சம்பலை அள்ளி வைப்பார்.

ஒருநாள் அவசரத்தில் அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனார். அவரையும் உள்ளே வைத்துவிட்டார்கள். வெளியே போய்த் தேடப் பயந்து, கதவைப் பூட்டிக்கொண்டு நானும் தங்கச்சியும் யன்னலடியிலேயே இருந்தோம்.

மறுநாள் வந்தவர் ஒரு செம்புத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"நான் கட்டின பார்சலைத்தான் எனக்கும் தந்தவங்கள். குடிக்கத் தண்ணி தரேல்லை, பிள்ளை. இவ்வளவு நாளும் அந்தப் பெடியளுக்கு உறைப்பையெல்லோ அள்ளி வைச்சனான்."