கீழ்ப்பாதி வழியாகப் போன ரயில்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ரயில் ஓட்டத் தெரியும், ஆனால் கணினிக்குள் மட்டும்தான். காலையில் கடைக்கு ஆள் வருவதற்கு முன்னால், பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, தான் பிறப்பதற்கு முன்பே பெயர்த்தெடுக்கப்பட்ட ஒரு கிளைப்பாதையைச் சிமுலேட்டரில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் விரிப்பார். பாலத்தின் மேல் பாலமும் கிணற்றின் மேல் கிணறும் உட்காரும்வரை இழுத்துப் பொருத்துவார். பிறகு கோட்டின் மேல் தண்டவாளம் போடுவார்.

"ஸ்டேஷன் மாஸ்டரே, வரவேண்டிய வண்டியெல்லாம் வந்தாச்சுன்னா சாப்பிட வர்றீங்களா?" என்று மனைவி வீட்டிலிருந்து போனில் கேட்பாள்.

வரைபடங்களைக் கொடுத்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் கழித்துப்போட்ட தாள்களைச் சுருட்டி வீட்டுப் பரணில் வைத்திருந்தார்.

மாமா என்றால் கண்ணாடிக்கடைக்காரருக்கு உயிர். அப்பா காலமானபின் நிலத்தை அக்காவும் தம்பியும் பிரித்துக்கொண்ட நாளில், மாமா, மூல வரைபடத்திலிருந்து தானே படியெடுத்த ஒரு டிரேசிங் தாளை மேசையில் விரித்துக் காட்டினார். அதில் பழைய ரயில் பாதை நிலத்தின் மேல்பாதியில் போயிருந்தது. ரயில் நிலத்தை அரசு என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம்.

"அந்தத் தலைவலி எங்களோட போகட்டும் மாப்ளே. நீ கீழ்ப்பாதிய எடுத்துக்க. நிம்மதியா தூங்கு."

கீழ்ப்பாதியில் மழைத் தண்ணீர் தேங்கும். அங்கே கட்டிய வீட்டில் சுவரெல்லாம் ஈரம் ஏறும். ஆனாலும் ஆபத்தை மாமா தன் தலையில் ஏற்றிக்கொண்டாரே என்று, ஒவ்வொரு மழைக்கும் நன்றியோடுதான் வாளியால் தண்ணீர் இறைத்தார் அவர்.

இப்போது சிமுலேட்டரில் அப்பா நிலம் வரும் இடத்துக்கு மாமா கொடுத்ததும் அதே டிரேசிங் தாள்தான். மூலத்தாளைக் கரையான் தின்றுவிட்டதாம்.

பாதை முழுவதும் முடிந்தது. அந்த ஓர் இடம் மட்டும் படுத்தியது. பழைய கால அட்டவணைப்படி அடுத்த நிலையத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டுமானால் வண்டி வேகமாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் அப்பா நிலத்தின் வளைவில் கவிழ்ந்தது. வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் பார்த்தார், எஞ்சினை மாற்றிப் பார்த்தார். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். ரயில் ஆர்வலர் குழுவில் வெளியிட வேண்டிய பாதை. முதல் திரையில் மாமாவுக்கு நன்றி என்று பெரிதாக எழுதிவைத்திருந்தார்.

மாமா கடைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "என்ன மாப்ளே, எஞ்சின் இன்னும் குப்புறப் படுத்துட்டுதான் இருக்கா? அந்தக் காலத்து டிரைவருங்க கில்லாடிங்கப்பா!"

கடைசியில் குழுவில் ஒருவரிடம் கேட்க, அவர் ஏதோ நூலகத்தில் இருந்த மூலத்தாளின் இன்னொரு பிரதியைப் படமெடுத்து அனுப்பினார். பாலம் உட்கார்ந்தது. கிணறு உட்கார்ந்தது. வளைவைக் காணோம். கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் கீழ்ப்பாதி வழியாகப் போயிற்று. அவருடைய அடுக்களையில் நுழைந்து, துணி துவைக்கும் கல் பக்கமாக வெளியே வந்தது.

தான்தான் தவறாகப் பொருத்திவிட்டோம் என்று பிரித்து மறுபடி பொருத்தினார். மறுபடியும் அடுக்களை. நேர்கோட்டில் வண்டியை விட்டார். அது ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நேரத்துக்குப் போய் நின்றது.

மாமாவுக்கு நிலம் தெரியும், ரயில் தெரியாது. கோட்டை ஒரு பாதியிலிருந்து தூக்கி இன்னொரு பாதியில் வைத்துவிட்டு, இரண்டு முனையையும் வளைத்து ஒட்டியிருந்தார். காகிதத்தில் அது அழகாகத்தான் இருந்தது.

அவர் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பாதை என் வீட்டு வழியா போகுது."

"விளையாட்டுதானே மாப்ளே. கொஞ்சம் வளைச்சு விட்டுக்க."

"நீங்க வளைச்ச மாதிரியா?"

மாமா செய்தித்தாளை மடித்தார். "யாராவது ஒருத்தர் தலையில விழத்தானே போகுது? எனக்குக் கட்டிக்குடுக்க ரெண்டு பொண்ணுங்க இருந்துச்சு. இத்தன வருஷத்துல எவனாவது வந்து கேட்டானா? உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

"உங்களக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு இருந்தேனே மாமா."

அக்கா டீயோடு வந்தாள். அவர் அவளைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமாக்கா?"

"குடிடா, ஆறிடப் போகுது," என்றாள் அக்கா, டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

மாமாவின் பேச்சைக்கூட அவரால் விழுங்க முடிந்தது. அந்த டீயை முடியவில்லை. எழுந்து வெளியே வந்தார்.

மாமா வாசல்வரை வந்தார். அன்று நிலம் பிரித்தபோது பேசிய அதே கனிவான குரலில், "இத ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டாத மாப்ளே. மாட்டப்போறது என் வீடு இல்ல, உன் வீடு," என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. "அப்ப என் அடுப்பு மேலயா ரயில் போச்சு?" பிறகு முகம் மாறியது. "பாவி மனுஷன்! ஒவ்வொரு தடவையும் அவருக்கு நாற்காலிய தொடச்சுப் போட்டேனே." சற்றுப் பொறுத்து, "போடாதீங்க. வீடு போயிட்டா எங்க போறது?" என்றாள்.

"அந்த வளைவோட போட்டா, அவரு சொன்ன பொய்ய இனிமே நான் சொல்ற மாதிரி ஆயிடும்."

"உங்க நேர்மைக்கு என் அடுப்புதான் கிடைச்சுதா?" என்றாள் அவள். ஆனால் தடுக்கவில்லை.

மறுநாள் காலை முதல் திரையிலிருந்து நன்றியை அழித்துவிட்டு, பாதையை நேர்கோட்டோடு வெளியிட்டார். மதியத்துக்குள் பாராட்டுகள் வந்தன. ஒருவர் மட்டும் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார்: 'பாலம் தாண்டியதும் பாதைமேலேயே யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறதே?'

'ஆமாம், என் வீடுதான். தெரியாமல் கட்டிவிட்டேன்' என்று தட்டினார். கடைக்கு வந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியின் கை கழன்றுவிட்டது என்று நீட்டினார். அதை முடுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து, 'தெரியாமல்' என்பதை அழித்து, 'நம்பி' என்று மாற்றி அனுப்பினார்.