வெறும் வயிற்றில் இருவர்

என் கணவர் சவூதியிலிருந்து விடுப்பில் வந்து இறங்கியபோது, சட்டையின் பொத்தான்கள் அவர் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. இவருக்குச் சுகர் வந்தாயிற்று என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஐம்பதை நெருங்கும் வயது, எடை, போதாததற்கு பிரஷர் மாத்திரை. சுகர் யாருக்கெல்லாம் வரும் என்று செல்போனில் நிறையப் படித்திருந்தேன். படித்த வரியிலெல்லாம் அவர் முகம்தான் தெரிந்தது.

குற்றாலத்தில் சீசன் நேரம். அருவியில் குளித்துவிட்டு நல்ல பசியோடு புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். அவர் இன்னொன்றுக்குக் கை நீட்டியதும் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"போதும். உங்களுக்குச் சுகர் வந்தா யாரு பாக்குதது?"

"ஏட்டி, வருஷம் பூரா அங்கன குப்பூஸ் ரொட்டிதான் திங்கேன். இங்கனயாவது நிம்மதியா திங்க விடு."

பிடுங்கியதை வீணாக்க மனமில்லாமல் நானே சால்னா ஊற்றித் தின்றேன். நான் ஒல்லி. எனக்கென்ன வந்துவிடப் போகிறது?

மறுநாள் காலையில் அவரைத் தென்காசியில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். தான் மட்டும் பட்டினி கிடக்க முடியாது என்று அடம்பிடித்ததால் நானும் பச்சைத் தண்ணீரோடு கிளம்பினேன். அவருக்கு ரத்தம் எடுத்த நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"நீங்களும் சாப்பிடலையாக்கா? அப்ப நீங்களும் பாத்துருங்க. வீட்ல யாருக்காவது சுகர் உண்டா?"

"எங்க உம்மாவுக்கு உண்டு."

"பிள்ள உண்டாயிருக்கும்போது உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. மக பெறந்ததும் போயிட்டு."

"அதுக்குப் பெறவு எப்ப டெஸ்ட் எடுத்தீங்க?"

நான் யோசித்தேன். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் கணவர்தான் பதில் சொன்னார்: "இன்னைக்குத்தான்."

அவருக்குச் சுகர் இல்லை. எனக்கு இருந்தது. மூன்று மாதச் சராசரியைப் பார்க்கும் பரிசோதனையும் அதையே சொன்னது. டாக்டரம்மா டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றி அளந்தார். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற எனக்கு என் இடுப்பளவு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கை கால் ஒல்லியா இருந்தா போதுமா? வயித்துல போட்டிருக்கே. என்ன வேலை பாக்கீங்க?"

தையல் என்றேன். மோட்டார் வைத்த மிஷின். காலால் மிதிக்கிற வேலைகூடக் கிடையாது. காலையில் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். இடையிடையே சீனி போட்ட டீ. அவரோ குடோனில் நாள் முழுக்க நடந்து சரக்கு ஏற்றி இறக்குகிறவர். "நீங்களும் எடையைக் குறைக்கணும். அடுத்த வருஷமும் இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா அவரையும் எச்சரித்தார். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் டீக்கடையில், "ஒண்ணு நல்லா சீனி போட்டு, ஒண்ணு சீனி இல்லாம" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா கடைசிக் காலத்தில் பார்வை மங்கிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அவர் பதறிப்போனார். தன் டீயையும் அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, "மாத்திரை இருக்குல்லா, பாத்துக்கிடலாம்ட்டி" என்றார்.

வீட்டில் மகள்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்போ என்னாலயா உம்மா வந்துச்சு?"

"உன்னால இல்லட்டி. எனக்கு வரும்னு அப்பவே காட்டிட்டுப் போயிருக்கு. நான்தான் போயிட்டுன்னு இருந்துட்டேன்."

அவர் சவூதிக்குத் திரும்பிப் போனார். இப்போது நான் மாத்திரை போடுகிறேன், சோற்றைக் குறைத்திருக்கிறேன், காலையில் மேலகரம் வரை நடக்கிறேன். சுகர் மெல்ல இறங்கிவருகிறது. நடக்கும்போது தவறாமல் அவருடைய வீடியோ கால் வந்துவிடும்.

"ரோட்டக் காட்டு. நடக்கியா, நின்னு கத பேசுதியா?"

ரோட்டைக் காட்டுகிறேன். பக்கத்தில் மகளும் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள்.