வாளியில் இறங்கிய பிள்ளையார்

சிஞ்ச்வட்டில் எங்கள் எதிர் வீட்டுக்கு ஒரு ஜெர்மன் குடும்பம் குடிவந்தது. மூத்த பெண்ணுக்கு நான்கு வயது. வந்ததிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவள், சதுர்த்திக்கு நாங்கள் வைத்த களிமண் பிள்ளையாரிடம் மட்டும் தினமும் வந்து ஏதோ பேசிவிட்டுப் போவாள்.

கடைசி நாள், இங்குள்ள வழக்கப்படி ஆரத்தி எடுத்து, பிள்ளையாரை வாளித் தண்ணீரில் இறக்கினோம். அவள் அலறிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் அவரை வெளியே தூக்கினாள். தும்பிக்கை ஒடிந்துவிட்டது. அபசகுனம் என்று பதறிப்போய், அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டேன்.

"பச்சைக் குழந்தைடி! அதைப் போய் அடிக்கிறியே?" என்றார் என் கணவர்.

அழுதவளைத் தூக்கிக்கொண்ட அவள் அம்மா, தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில், "மன்னிச்சுக்கோங்க தீதி. அவருக்கு மூச்சு முட்டும்னு பயந்துட்டா" என்றாள்.

எத்தனையோ வருஷமாகப் பிள்ளையாரைக் கரைக்கிறேன். அப்படி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, மறுபடி வாளியில் இறக்கிக் கரைத்த மண்ணை எங்கள் செம்பருத்தித் தொட்டியில் ஊற்ற வைத்தேன். அவர் இனி இங்கேதான் என்று செடியைக் காட்டினேன்.

இப்போது அந்தச் செடிக்குக் கையசைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூட வேனில் ஏறுகிறாள். நான் அடித்த அதே கை.