எந்தப் பாதியில் எந்த மருந்து

உயிர் நண்டு கடிக்க முன்னம் அதன் கொடுக்கைக் கட்டிப் போடுவதில் தோட்டவெளிக் கிராமத்தில் அமிர்தநாயகத்தை வெல்ல ஆளில்லை. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்துக்கொண்டு திரும்பி வந்தவன். வந்த நாள் தொட்டு நண்டுதான்.

அப்படிப்பட்டவனுக்குப் போன மாசம் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. பெருவிரல் வீங்கிப் பழுத்துப் போனது. முதல் கொடுத்த குளிசைக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை வேறு குளிசை எழுதிவிட்டு, இதற்கும் கேட்காவிட்டால் விரலை எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டா. விரல் போனால் ஆடுகிற தோணியில் எப்படிக் காலூன்றி நிற்கிறது?

அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தியும்தான் விட்டவ. குளிசை ஒன்றுக்குள் இரண்டு மருந்தாம். ஒன்று கிருமியைக் கொல்லுமாம். ஆனால் இந்தக் கிருமி அந்த மருந்தையே வெட்டிப்போடப் பழகிவிட்டதாம். மற்ற மருந்து ஒன்றையும் கொல்லாதாம். கிருமியை வெட்டவிடாமல் மறிக்கிறது மட்டும்தானாம் அதன் வேலை.

கொல்லாததும் ஒரு மருந்தோ? அமிர்தநாயகம் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க யோசித்தான். பிறகு நண்டு ஞாபகம் வந்தது. கொடுக்கைக் கட்டின பிறகுதானே மற்ற வேலை. அப்படியென்றால் மறிக்கிற மருந்து முதல் போகவேண்டும், கொல்லுகிறது பிறகு. குளிசைக்கு நடுவில் கோடும் இருந்தது. காலமை ஒரு பாதி, பின்னேரம் மற்றப் பாதி என்று உடைத்துக் குடித்தான். எந்தப் பாதி எது? திருப்பித் திருப்பிப் பார்த்து, வலக்கைப் பக்கம்தான் மறிக்கிறது என்று முடிவெடுத்தான். ஏன் உடைக்கிறியள் என்று மனிசி சிசிலியா கேட்டதற்கு, உனக்கு நண்டு கட்டத் தெரியுமோ என்று வாயை அடைத்துவிட்டான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்டப் போனபோது, புண்ணின் மணம் நர்ஸ் நசீறா மிஸ்ஸிக்குப் பிடிக்கவில்லை. குளிசையை வாங்கிப் பார்த்தா. இவ்வளவுக்கும் குடித்திருக்க வேண்டியதில் அரைவாசி மிச்சம் கிடந்தது.

"காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டெண்டெல்லோ சொன்னது, அண்ணை?"

அவன் நடந்ததைச் சொன்னான். மிஸ்ஸி சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை.

"ரெண்டையும் ஒண்டாய்க் கலந்து செய்த குளிசை அது. தூளாக்கினாலும் ஒவ்வொரு தூளிலயும் ரெண்டும் கிடக்கும். அரைவாசி குடிச்சால் ரெண்டும் அரைவாசிதான்."

"அப்ப கோடு என்னத்துக்கு, மிஸ்ஸி?"

"விழுங்கக் கஷ்டப்படுற ஆக்களுக்கு. விரல் வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும்."

அன்றிலிருந்து முழுசாகத்தான் குடித்தான். விளங்கிக் குடிக்கவில்லை; பயத்தில் குடித்தான்.

அடுத்த கிழமை வீக்கம் வற்றியது. டொக்டர் பிள்ளை விரலை அமத்திப் பார்த்து, இனி வெட்டத் தேவையில்லை என்றா. அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். அமிர்தநாயகம் விடவில்லை.

"அப்ப எதம்மா காப்பாத்தினது? கொன்றதோ, கொல்லாததோ?"

இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு அவ அடுத்த ஆளைக் கூப்பிட்டா. அவன் வெளியில் ஆக்கள் குந்தக் கிடந்த வாங்கில் குந்தி விரலை ஆட்டிப் பார்த்தான். விரல் ஆடியது. விளக்கம்தான் பிடிபடவில்லை.