மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த பள்ளிக்கூடம்

மகளுக்கு ஐந்து வயது முடிந்ததும் கொடைக்கானல் டவுனில் இருக்கும் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கு அவளை அழைத்துப்போனோம். என் கணவர் அன்று ஜீப் ஓட்டப் போகவில்லை. சுற்றுலாக்காரர்களிடம் ஆங்கிலம் பேசத் தடுமாறுகிற தன் நிலை மகளுக்கு வரக்கூடாது என்பது அவருடைய ஆசை. எனக்கும் அந்த ஆசை இருந்தது.

அங்கே ஒரு மேடம் மகளிடம் மாட்டின் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"காட்டுமாடு. அது வந்தா ஓடக்கூடாது, ஓரமா நின்னுக்கணும்" என்றாள் மகள்.

"நோ தமிழ்" என்றார் மேடம். மகள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

மேடம் எங்களிடம் திரும்பினார். "சீட் தர்றோம். ஆனா இனிமே வீட்ல தமிழ் பேசாதீங்க."

"அவளுக்கு வயித்த வலிச்சா என்ன பாஷையில மேடம் எங்கிட்டச் சொல்லுவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ஊரான வடகவுஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் கணவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சாயங்காலம் அவருடைய அக்கா வந்தார். "ஒன் வீம்புக்குப் பிள்ள வாழ்க்கையக் கெடுக்காத" என்றார். "எம்பிள்ளைய ஊமையாக்க மாட்டேன் மதினி" என்றேன்.

மறுநாள் வெள்ளனே எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு மகளோடு போய் நின்றேன். தலைமை ஆசிரியைக்கே ஆச்சரியம்.

"டவுன்ல இடம் கெடைக்கலையாம்மா?"

"கெடச்சுச்சு டீச்சர். நாந்தான் வேணாம்னுட்டேன்."

அந்தப் பள்ளியில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கழிப்பறைக்குக் கதவில்லை. மற்ற தாய்மாரையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். "நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். மறுநாளும் போனோம். கதவு வரும்வரை விடவில்லை. ஆங்கிலப் பாடத்தை வீட்டில் கணவரும் மகளும் சேர்ந்து படிக்கிறார்கள். அவர் தப்பாகச் சொன்னால் மகள் திருத்துகிறாள். அவருக்கு அதில் கோபமில்லை.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவர் அக்கா கேட்கிறார்: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, டவுன் ஸ்கூலுக்கு மாத்திருவமா?"

"ஆமா மதினி, ஒண்ணும் கெட்டுப்போகலதான்" என்று சொல்லிவிட்டு என் சோலியைப் பார்க்கப் போய்விடுகிறேன்.